உங்களுக்குத் தெரியுமா? – இதயம் தளர்ந்தால் கால் ஏன் ஓய்ந்துபோகிறது?

இதயச் செயலிழப்பு முற்றியவர்களிடம் பேசிப் பாருங்கள். "மூச்சு வாங்குது" என்பதற்கு அடுத்து அவர்கள் சொல்வது, "மனசு போகுது, கால் வரமாட்டேங்குது" என்பதுதான். வீட்டில் இருப்பவர்கள் அதை இதயத்தின் சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அது முழு உண்மையல்ல. தொடையிலும் கெண்டைக்காலிலும், தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் அந்தச் சோர்வில் பெரும் பங்கு உண்டு. இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்தக் குழாய்களைப் பற்றியவை.

● சிவப்பணுவின் விட்டம் ஏறக்குறைய 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அது நுழைய வேண்டிய தந்துகிகள் என்னும் நுண்குழாய்களில் பலவற்றின் உள்விட்டம் 5 மைக்ரோமீட்டர்தான். ஆகவே சிவப்பணு உடலை வளைத்து, மடித்து, ஒற்றை வரிசையில் சுவரை ஒட்டியபடி நகர்கிறது. அந்த நெருக்கம் இருப்பதால்தான் ஆக்சிஜன் சட்டென்று தசைக்குள் இறங்க முடிகிறது.

● ஆரோக்கியமான ஒருவரின் தொடைத் தசையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 300 தந்துகிகளை எண்ணலாம். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இன்னும் அதிகம்.

● ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் எழுதினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் கையில் நுண்ணோக்கி இல்லை. 1661-இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டு எழுதியபோது, ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

● சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. எலும்போடு ஒட்டிய தசைகள் உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் இருந்தும், அவற்றுக்குக் கிடைப்பது 1 லிட்டர் அளவுதான். நல்ல உடல்நலம் உள்ளவர் மூச்சிரைக்க ஓடும்போது இதயம் 20 லிட்டருக்கு மேல் தள்ளும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைக்கே போகும். மற்ற எந்த உறுப்பும் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைக் கேட்பதில்லை. இதயத்தால் கூடுதலாகத் தர முடியாமல் போகும்போது, அந்தக் குறையை முதலில் உணர்வதும் தசைதான்.

● தந்துகிகளின் கதையில் மறக்கக்கூடாத பெயர் ஆகஸ்ட் குரோக். டென்மார்க் நாட்டுக்காரர். ஓய்வில் இருக்கும் தசையிலும் வேலை செய்யும் தசையிலும் எத்தனை தந்துகிகள் திறந்திருக்கின்றன என்று, விலங்குகளின் ரத்தத்தில் கறுப்பு மையைச் செலுத்தி எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு தந்துகியும் தன்னைச் சுற்றியுள்ள தசையின் ஒரு சிறு வட்டத்துக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது, வேலை கூடும்போது அதிகத் தந்துகிகள் திறந்து அந்த ஊடுருவல் தூரத்தைக் குறைக்கின்றன என்பது அவர் முடிவு. 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் மனைவி மேரி குரோக் மருத்துவர், ஆராய்ச்சியாளர்; நுரையீரலில் ஆக்சிஜன் வெறும் ஊடுருவலால்தான் ரத்தத்துக்குள் போகிறது என்று நிறுவியதில் அவருக்குச் சம பங்கு உண்டு. மேரிக்கு நீரிழிவு இருந்தது. 1922-இல் இருவரும் அமெரிக்கா போனபோது குரோக் டொராண்டோவுக்கும் சென்று, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த இன்சுலினைத் தயாரிக்க அனுமதி வாங்கி வந்தார். டென்மார்க்கின் இன்சுலின் தொழில் அப்படித்தான் பிறந்தது.

குரோக் சொன்னதில் ஒரு பகுதி பின்னாளில் திருத்தப்பட்டது. உயிருள்ள தசையை நுண்ணோக்கியின் கீழ் பார்த்தபோது, ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கும்போது மூடியவை திறப்பதைவிட, திறந்திருப்பவற்றில் சிவப்பணுக்கள் வேகமாகவும் நெருக்கமாகவும் ஓடுவதே முக்கியம் என்று இன்று பல உடலியலாளர்கள் கருதுகிறார்கள்.

● குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே போகும் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். பிரெஞ்சு மருத்துவர் பொசாய் 19-ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓட விட்டு அளந்து கண்ட விதி இது. தந்துகிகளுக்கு முன்னால் வாசல்போல இருக்கும் நுண்தமனிகள் மயிரிழை சுருங்கினாலும் பின்னால் உள்ள தசை தவிப்பதற்கு இதுவே காரணம்.

● அந்த வாசல்கள் ஏன் சுருங்குகின்றன? இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால், காயம்பட்டு ரத்தம் வெளியேறிவிட்டதாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் அழுத்தம் குறையக்கூடாது என்று, பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சொரிகின்றன. சிறுநீரகம் ரெனினை விடுகிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின் உருவாகிறது. எல்லாம் சேர்ந்து தசையின் நுண்தமனிகளை இறுக்குகின்றன. சில மணி நேர ஆபத்தில் உயிர் காக்கும் ஏற்பாடு இது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது அதுவே நோயின் ஒரு பாகமாகிவிடுகிறது. ரத்தத்தில் நார்அட்ரினலின் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு நோயாளியின் ஆயுள் குறுகுகிறது என்று ஜே கோன் குழுவினர் 1984-இல் காட்டினார்கள்.

● கையில் பட்டையைக் கட்டி ரத்தத்தைச் சில நிமிடம் நிறுத்தி, பிறகு அவிழ்த்துவிட்டால் கை சிவக்கும். ரத்தம் குபுகுபுவென்று பாயும். 1968-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் செலிஸ், மேசன், பிரான்வால்ட் ஆகிய மூவரும் இதை இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் அளந்தார்கள். அந்தப் பாய்ச்சல் மற்றவர்களுக்கு வந்த அளவுக்கு வரவில்லை. இத்தனைக்கும் அளந்தது முன்கையில். அந்தச் சிறு தசைக்குக் கொடுக்க இதயத்திடம் ரத்தம் இல்லாமல் போய்விடவில்லை. விரியும் திறனையே குழாய்கள் இழந்திருந்தன. என் பார்வையில் இந்த நோயைப் பற்றிய சிந்தனை நெஞ்சைத் தாண்டி வெளியே வந்த இடம் இதுதான்.

● ரத்தக் குழாயின் உட்பூச்சாக ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. ரத்தம் உரசி ஓடும்போது அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம் 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் செய்த சோதனை. 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இதயச் செயலிழப்பில் ஓட்டம் மந்தமாவதால் உரசலும் குறைகிறது. போதாததற்கு, உருவாகும் கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் அழித்துவிடுகிறது. நடமாட்டம் குறையக் குறைய இந்தப் படலம் தன் வேலையை மேலும் விட்டுக்கொடுக்கிறது.

● "எனக்கு பம்பிங் 25 சதவீதம்தான்" என்று எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப்போகிறவர்கள் உண்டு. அந்த எண் முக்கியம்தான்; மருந்தைத் தீர்மானிக்க அது வேண்டும். ஆனால் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதை அது சொல்லாது. 1981-இலேயே ஃபிரான்சியோசா குழுவினர், ஓய்வில் அளந்த பம்பிங் சதவீதத்துக்கும் உடற்பயிற்சித் திறனுக்கும் சரியான தொடர்பு இல்லை என்று காட்டிவிட்டார்கள். 20 சதவீதத்தில் சந்தைக்கு நடந்து போய் வருகிறவரும் இருக்கலாம். 35 சதவீதத்தில் குளியலறைக்குப் போகவே திணறுகிறவரும் இருக்கலாம். இருவரையும் வேறுபடுத்துவதில் தசைக்கும் அதன் குழாய்களுக்கும் பெரிய இடம் இருக்கிறது.

● பழுதான இதயத்தையே எடுத்துவிட்டுப் புதிய இதயம் பொருத்தினால்? கால் உடனே சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகவில்லை. மாற்று இதயம் பொருத்திய முதல் சில வாரங்களில் கைத்தசையின் குழாய்கள் பழையபடியே விரிய மறுத்தன. மாதங்கள் கழிந்த பிறகே திருந்தின. 1988-இல் சினோவே குழுவினர் இதை அளந்து வெளியிட்டார்கள். மருந்திலும் இதே கதை. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் ஏ.சி.இ. தடுப்பு மாத்திரை முதல் வேளையிலேயே இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. நடக்கும் திறனோ வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் கூடுகிறது. அணையைத் திறந்துவிட்டதும் கடைமடை நனைந்துவிடுவதில்லை. கிளை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் நடுவிலேயே நின்றுவிடும். மருந்து தொடங்கிய பத்தாம் நாள் "ஒண்ணும் முன்னேற்றம் இல்லையே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

● மேலே சொன்ன மாத்திரை வகையின் மூலம், பிரேசில் நாட்டின் ஜராராக்கா என்னும் விரியன் பாம்பின் விஷம். அதில் ரத்தக் குழாயை விரிக்கும் பொருளுக்கு வலுவூட்டும் ஒன்று இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா 1965-இல் கண்டார். 1987-இல் ஸ்வீடன், நார்வே, பின்லாந்தில் மிகக் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் இந்த வகை மாத்திரையான எனாலாப்ரில் சோதிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனாலாப்ரில் எடுத்தவர்களில் 26 சதவீதம்.

● இதயச் செயலிழப்பு நீடிக்கும்போது தசையின் இயல்பே மாறிவிடுகிறது. நெடுநேரம் சளைக்காமல் உழைக்கும் செந்நிற மெதுநார்கள் குறைந்து, சட்டென்று களைக்கும் வேகநார்கள் கூடுகின்றன. தொடையில் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 1990-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் சல்லிவன் குழு இந்த மாற்றத்தோடு தந்துகிகளும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகளும் குறைந்திருப்பதைக் கண்டது. 1992-இல் ஜெர்மனியின் டிரெக்ஸ்லர் குழு, செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருந்ததைக் கண்டது.

பாஸ்பரஸ் அணுக்களைக் காந்தப் புலத்தில் படிக்கும் கருவியால், வேலை செய்யும் தசைக்குள் ஆற்றல் தீர்வதை நேரடியாகப் பார்க்க முடியும். இந்த நோயாளிகளின் தசையில் கையிருப்பு ஆற்றல் சீக்கிரம் தீர்ந்து, அமிலம் சீக்கிரம் ஏறுகிறது. ரத்த ஓட்டம் போதுமான அளவு இருந்த சிலரிடமும் அப்படித்தான். "சும்மா சோம்பேறித்தனம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது அநியாயம் என்று தயங்காமல் சொல்லலாம்.

● கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பூல் குழுவினர் இதயச் செயலிழப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் முதுகுத் தசையை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். தந்துகிகளில் பல ஒழுங்காக ஓடவில்லை. சிவப்பணுக்கள் நின்று நின்று போயின, சிலவற்றில் போகவே இல்லை. தசை சுருங்கத் தொடங்கியதும் தசைக்குள்ளிருந்த ஆக்சிஜன் அழுத்தம், நலமான எலிகளில் இறங்குவதைவிடச் சட்டென்று இறங்கியது. எழுந்து நடக்கத் தொடங்கிய முதல் நிமிடமே ஏன் அவ்வளவு பாடாக இருக்கிறது என்பதை இந்தக் காட்சி எனக்கு விளக்கியது.

● மனிதரில் தசைக்குள் நேரடியாக இப்படிப் பார்ப்பது கடினம். நாக்கின் அடியில் முடியும். பிரசெல்ஸ் நகரில் டி பேக்கர் குழு, கடுமையான இதயச் செயலிழப்பில் சேர்க்கப்பட்டவர்களின் நாக்கடியில் சிறு கேமராவை வைத்துப் பார்த்தபோது, ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் விகிதம் குறைந்திருந்தது. பின்னர் இறந்துபோனவர்களிடம் அந்தக் குறைவு இன்னும் அதிகம். 2004-இல் வெளியான ஆய்வு அது.

● கால் வீக்கமும் தசையின் தவிப்பைக் கூட்டுகிறது. தந்துகிக்கும் தசைநாருக்கும் இடையில் நீர் தேங்கினால் ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது.

● மூச்சு விடும் தசைகளும் தசைகளே. நோய் முற்றும்போது மூச்சுக்கே அதிக உழைப்பு தேவைப்படுவதால், கால்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கை உதரவிதானம் எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்புள்ள சிறு கருவி வழியாக மூச்சை உள்ளிழுத்துப் பழகும் பயிற்சி, உள்மூச்சுத் தசை பலவீனமாக உள்ள நோயாளிகளுக்கு நடக்கும் திறனைக் கூட்டுவதாகப் பிரேசில் ஆய்வுகள் காட்டியுள்ளன.

● தவிக்கும் தசை வாய் மூடி இருப்பதில்லை. அதிலிருந்து நரம்பு வழியே மூளைக்குப் போகும் முறையீடு, மூச்சை வேகப்படுத்துகிறது. பரிவு நரம்புகளை மேலும் முடுக்குகிறது. அவை நுண்தமனிகளை மேலும் இறுக்குகின்றன. பிரிட்டனின் ஆண்ட்ரூ கோட்ஸும் சக ஆய்வாளர்களும் 1990-களில் இதைத் 'தசைக் கருதுகோள்' என்று முன்வைத்தார்கள். நுரையீரலில் நீர் இல்லாதபோதும் நோயாளிக்கு மூச்சு வாங்குவது ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

● பல பத்தாண்டுகளாக மருத்துவம் இவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: படுக்கை ஓய்வு. 1990-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோட்ஸ் குழுவினர் வீட்டிலேயே நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்து, நோயாளிகளின் திறன் கூடுவதைக் காட்டினார்கள். 1998-இல் லைப்சிக் நகரின் ஹாம்பிரெக்ட் குழு, ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு காலின் ரத்தக் குழாய்ப் படலம் மீண்டும் விரியக் கற்றுக்கொண்டதைக் காட்டியது. மிகப் பெரிய ஆய்வு 2009-இல் வந்தது: 2,331 பேர். அதில் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ எதிர்பார்த்த அளவு குறையவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்பதும், வாழ்க்கைத் தரம் ஓரளவு உயர்கிறது என்பதும் உறுதியாயின.

நம் வீடுகளில் இன்றும் அன்பின் பெயரால் நடப்பது பழைய மருத்துவம்தான். "அப்பா, நீங்க எழுந்திரிக்காதீங்க, நான் கொண்டு வர்றேன்" என்று தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கைக்குக் கொண்டு வந்து கொடுக்கிறோம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. எவ்வளவு நடக்க வேண்டும் என்ற ஒரு வரி பல சீட்டுகளில் இல்லை. அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

● இது முதியவர்களின் நோய் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2013-இல் திருவனந்தபுரத்தில் தொகுக்கப்பட்ட பதிவேட்டில், இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரின் சராசரி வயது 61. மேலை நாட்டுப் பதிவேடுகளில் அது 70-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. நம் பக்கத்தில் வேலைக்குப் போக வேண்டிய கால்கள் ஓய்ந்துபோகின்றன.

● நிலைமையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரமும் கடிகாரமும் போதும்: ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? 300 மீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவர் கூடுதலாகக் கவனிப்பார்.

● பீட்ரூட் சாற்றில் உள்ள நைட்ரேட் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறும் என்பது உண்மை. அதனால் இதய நோயாளிகள் எல்லோரும் அதைக் குடிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையல்ல. பம்பிங் சதவீதம் குறையாமலே இதயம் செயலிழக்கும் வகையில், அந்த மாற்றத்தின் இடைப்பொருளான நைட்ரைட்டை மூச்சு வழியே கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வு பலன் காணவில்லை. சாற்றில் பொட்டாசியம் மிகுதி. நீர் அளவுக் கட்டுப்பாடு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

● நடை தொடங்குவதற்கு முன் மருத்துவரின் சம்மதம் வேண்டும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால், மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அன்றைக்கு நடை வேண்டாம். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

● இதயத்தால் முழு உடம்புப் பயிற்சியைத் தாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து ஒரு முழங்காலை மட்டும் நீட்டி மடக்கும் பயிற்சி. ஒரு தொடையின் முன்தசை மட்டும் உழைப்பதால் இதயத்தின் மேல் பெரிய சுமை விழுவதில்லை. கிடைக்கும் ரத்தம் அந்தத் தசைக்குப் போதுமானதாக இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்பாசிட்டோ, ரிச்சர்ட்சன் குழுவினர் நோயாளிகளை எட்டு வாரம் இப்படிப் பயிற்றுவித்தார்கள். தசைநார்களைச் சுற்றித் தந்துகிகள் பெருகின, மைட்டோகாண்ட்ரியாவும் கூடியது. பிறகு சைக்கிளில் ஏற்றிப் பார்த்தபோது, இதயம் தள்ளும் உச்ச அளவு பழைய அளவிலேயே இருந்தும், அவர்களால் முன்னைவிட அதிகமாக மிதிக்க முடிந்தது.

● பயிற்சியை விட்டுவிட்டால் கிடைத்த பலன் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். காய்ச்சலோ ஊர்ப் பயணமோ இடையில் வந்து நின்றுபோனவர்கள் விட்ட அளவிலிருந்து தொடங்காமல், குறைந்த தூரத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும்.